முழுமைத் தொகுதியின் சராசரி குறித்த கருதுகோள் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் கற்பவர்களும் தம் வேலையில் அதைப் பயன்படுத்துபவர்களும் சராசரி குறித்த சோதனையைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களை ஒட்டியே இங்கே தொகுத்திருக்கிறேன். சூத்திரத்தில் எண்களை இட்டு விடை காண்பது பெரும்பாலோருக்கு எளிதாகவே வருகிறது. அந்த விடை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் தடுமாற்றம் நேர்கிறது. ஆகவே பதில்களில் அந்தப் பக்கத்துக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். ஓர் எந்திரம் உலோகக் கம்பிகளை வெட்டுகிறது. அவற்றின் சராசரி நீளம் 250 மி.மீ. ஆக இருக்க வேண்டும். சமவாய்ப்பு முறையில் எடுத்த 25 கம்பிகளை அளந்ததில் சராசரி 250.6 மி.மீ. என்றும் திட்ட விலக்கம் 1.5 மி.மீ. என்றும் வந்தன. இவை விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். மூன்று நான்கு ஐயங்கள் ஒரே இடத்தில் வந்து முட்டும்படி வேண்டுமென்றே அமைத்தவை.

சராசரி 250.6 என்று கண்ணெதிரே தெரிகிறதே, பிறகு எதற்குச் சோதனை?

250.6 என்பது நாம் அளந்த 25 கம்பிகளின் சராசரி. நம் கேள்வியோ அந்த எந்திரம் வெட்டிய, இனியும் இதே நிலையில் வெட்டப்போகும் கம்பிகள் அனைத்தையும் பற்றியது. அந்த அனைத்தும் சேர்ந்ததே முழுமைத் தொகுதி. கையில் உள்ள 25 அதன் ஒரு கூறு. வேறு 25 கம்பிகளை எடுத்திருந்தால் கூறின் சராசரி 249.9 என்றோ 250.3 என்றோ வந்திருக்கக்கூடும்.

ஆகவே, முழுமைத் தொகுதியின் சராசரி சரியாக 250 ஆகவே இருந்தாலும், எடுத்த கூறின் தற்செயலால் மட்டும் 0.6 மி.மீ. அளவுக்கு விலகல் தோன்றக்கூடுமா, அல்லது தற்செயலால் மட்டும் இத்தனை விலகல் வருவது அரிதா என்பதையே சோதனை ஆராய்கிறது.

இன்மைக் கருதுகோள், மாற்றுக் கருதுகோள் இரண்டில் எதை எங்கே வைப்பது என்று எப்போதும் குழப்பம்.

கணக்கிடுவதற்குத் திட்டவட்டமான ஓர் எண்ணைத் தருவது எதுவோ அதுவே இன்மைக் கருதுகோள். ‘சராசரி 250’ என்று எடுத்துக்கொண்டால் கூறின் சராசரிகள் எப்படிச் சிதறும் என்று கணக்கிடலாம்; ‘சராசரி 250 அன்று’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. எனவே சமக்குறி எப்போதும் இன்மைக் கருதுகோளின் பக்கமே நிற்கும்.

மாற்றுக் கருதுகோள் நாம் எதைக் கண்டறிய விரும்புகிறோம் என்பதைச் சொல்கிறது. இரண்டு கருதுகோள்களும் முழுமைத் தொகுதியைப் பற்றியவை. ‘கூறின் சராசரி 250’ என்று இன்மைக் கருதுகோளை எழுதுவது தேர்வுத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை. கூறின் சராசரி நமக்கு ஏற்கனவே தெரியும். தெரிந்ததைப் பற்றிக் கருதுகோள் தேவையில்லை.

திட்ட விலக்கமும் திட்டப் பிழையும் ஒன்றுதானே?

இல்லை. திட்ட விலக்கம் தனித்தனிக் கம்பிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் அளவு. நம் எடுத்துக்காட்டில் அது 1.5. திட்டப் பிழை என்பது இதே அளவுள்ள கூறுகளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அவற்றின் சராசரிகள் எவ்வளவு வேறுபடும் என்பதன் அளவு. திட்ட விலக்கத்தைக் கூறின் அளவினுடைய வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும்: 1.5 ÷ 5 = 0.3.

கூடுதலாகக் கம்பிகளை அளந்தால் திட்ட விலக்கம் ஏறத்தாழ அப்படியே இருக்கும், திட்டப் பிழை மட்டும் குறையும். வர்க்கமூலம் இருப்பதால் திட்டப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு கம்பிகளை அளக்க வேண்டும்.

முழுக் கணக்கையும் ஒருமுறை செய்து காட்ட முடியுமா?

கூறின் சராசரிக்கும் கருதுகோள் சொல்லும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டப் பிழையால் வகுக்க வேண்டும்: 0.6 ÷ 0.3 = 2.0. இதுவே டி மதிப்பு. கண்ட விலகல் திட்டப் பிழையைப் போல் இரு மடங்கு என்பது இதன் பொருள்.

25 கம்பிகள் என்பதால் கட்டின்மைப் படிகள் (திட்ட விலக்கத்தை மதிப்பிடும்போது தாமாக மாறக்கூடிய அளவுகளின் எண்ணிக்கை) ஒன்று குறைந்து 24. இருபுற விலகலையும் கருதும் இரு முனைச் சோதனையில், 5 விழுக்காட்டு மிகைகாண் நிலைக்கு (தவறாக மறுப்பதை எவ்வளவு பொறுத்துக்கொள்கிறோம் என்பதன் அளவு; விளக்கம் பின்னால் வருகிறது) டி அட்டவணை தரும் எல்லை மதிப்பு 2.064. நம் 2.0 அதைத் தாண்டவில்லை. இன்மைக் கருதுகோள் உண்மையானால் இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ விலகல் தோன்றும் வாய்ப்பான பி மதிப்பு ஏறத்தாழ 0.057. எனவே இந்த நிலையில் இன்மைக் கருதுகோளை மறுக்க முடியாது.

இசட் சோதனையா, டி சோதனையா? 30-க்கு மேல் இருந்தால் இசட் என்று படித்திருக்கிறேன்.

இரண்டிலும் விலகலைத் திட்டப் பிழையால் வகுக்கிறோம்; எல்லை மதிப்பை எந்த அட்டவணையில் பார்ப்பது என்பதே வேறுபாடு. முழுமைத் தொகுதியின் திட்ட விலக்கம் உறுதியாகத் தெரிந்தால் இசட். அதைக் கூறிலிருந்தே மதிப்பிட்டால் டி. அடிப்படை விதி இவ்வளவே. நடைமுறையில் திட்ட விலக்கம் தெரிந்து சராசரி மட்டும் தெரியாமலிருக்கும் நிலை அரிது. 30 என்ற எண், அட்டவணையைப் பார்த்துக் கையால் கணக்கிட்ட காலத்தின் வசதிக்காக வந்த வழக்கம். அதற்கு மேல் இரண்டு அட்டவணைகளுக்கும் வேறுபாடு சிறிது என்பதால் இசட்டையே எடுத்துக்கொண்டார்கள். கணினி கணக்கிடும்போது அந்த வசதிக்குத் தேவையே இல்லை. திட்ட விலக்கம் மதிப்பீடு என்றால் எந்த அளவுக்கும் டி-யையே பயன்படுத்துங்கள்.

சிறிய கூறுகளில் இந்த வேறுபாடு முடிவையே மாற்றிவிடும். நம் எடுத்துக்காட்டில் தவறாக இசட்டின் எல்லையான 1.96-ஐ எடுத்திருந்தால், 2.0 அதைத் தாண்டுவதால் இன்மைக் கருதுகோளை மறுத்திருப்போம். 1.5 என்ற திட்ட விலக்கமே 25 கம்பிகளிலிருந்து பெற்ற, ஐயத்துக்குரிய ஒரு மதிப்பீடு என்பதை இசட் கணக்கில் கொள்வதில்லை.

இந்தச் சிக்கலை முதலில் தீர்த்தவர் வில்லியம் சீலி காசெட். டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், மிகச் சில அளவீடுகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய தேவையிலிருந்து டி பரவலைக் கண்டடைந்து, 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். கட்டின்மைப் படிகள் என்ற கருத்தைக் கொண்டு அதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர்.

மிகைகாண் நிலை ஏன் 5 விழுக்காடு? வேறு எண் ஆகாதா?

தாராளமாக ஆகும். இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும்போது அதைத் தவறாக மறுப்பது முதல் வகைப் பிழை. அப்பிழையை எத்தனை விழுக்காடு வரை பொறுத்துக்கொள்கிறோம் என்பதே மிகைகாண் நிலை. இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவப் பரவல்) ஏறத்தாழ இரண்டு திட்ட விலக்கங்களுக்கு அப்பால் விழும் பகுதி 5 விழுக்காடு என்பதால், அது எல்லையாகக் கொள்ள வசதியானது என்று 1925-இல் ஃபிஷர் எழுதினார். வசதி பின்னர் வழக்கமாகிவிட்டது. தவறாக மறுப்பதன் விளைவு கடுமையானது என்றால் 1 விழுக்காட்டையும், உண்மையான விலகலைத் தவறவிடுவதுதான் கடுமை என்றால் 10 விழுக்காட்டையும் தேர்ந்தெடுக்கலாம். தரவைப் பார்ப்பதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே மாறாத நிபந்தனை.

பி மதிப்பு 0.057 என்றால், இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 5.7 விழுக்காடு வாய்ப்பு என்றுதானே பொருள்?

அன்று. மற்ற எல்லாக் குழப்பங்களுக்கும் வேராக இருப்பது இதுவே என்று கருதுகிறேன். இன்மைக் கருதுகோள் உண்மை என்றும் சோதனையின் மற்ற நிபந்தனைகளும் பொருந்துகின்றன என்றும் எடுத்துக்கொண்டு, நாம் கண்ட அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ விலகல் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டால் வருவது பி மதிப்பு. கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டு செய்த கணக்கு, அந்தக் கருதுகோள் உண்மையாக இருப்பதன் வாய்ப்பைத் தர முடியாது. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் பி மதிப்பு குறித்து வெளியிட்ட அறிக்கையும் இதை வெளிப்படையாகச் சொல்கிறது.

இரண்டும் எவ்வளவு விலகிப்போகலாம் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 1,000 எந்திரங்களில் 100 மட்டுமே உண்மையில் பிசகியவை என்று வைத்துக்கொள்வோம். பிசகிய எந்திரங்களில் 80 விழுக்காட்டைச் சோதனை கண்டுபிடிக்கும் என்றால் 80 எந்திரங்கள் பிடிபடும். சரியாக உள்ள 900-இல் 5 விழுக்காடு, அதாவது 45 எந்திரங்கள், தவறாகப் பிடிபடும். ஆக மறுக்கப்பட்ட 125-இல் 45 தவறானவை. இது 36 விழுக்காடு. மிகைகாண் நிலை 5 விழுக்காடாகவே இருந்தும், மறுப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழையானவை.

மறுக்க முடியவில்லை என்றால் எந்திரம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடலாமா?

கூடாது. 250-லிருந்து விலகியிருக்கிறது என்று சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை என்று மட்டுமே எழுதலாம். இன்மைக் கருதுகோள் பொய்யாக இருந்தும் அதை மறுக்கத் தவறுவது இரண்டாம் வகைப் பிழை. அதைத் தவிர்க்கும் வாய்ப்பே சோதனையின் திறன். இந்த இரண்டு வகைப் பிழைகளையும் ஒருசேர வைத்துச் சோதனைகளை வடிவமைக்கும் கோட்பாட்டை ஜெர்ஸி நேமனும் எகான் பியர்சனும் 1933-இல் வகுத்தார்கள்.

எந்திரம் உண்மையிலேயே 0.6 மி.மீ. விலகியிருப்பதாகக் கொள்வோம். 25 கம்பிகளை வைத்துச் செய்யும் சோதனை அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு குறைந்த திறனுள்ள சோதனையின் மௌனத்தை எந்திரத்துக்கான நற்சான்றாகக் கொள்ள எந்த நியாயமும் இல்லை.

சரியாக இருக்கிறது என்றே காட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி உண்டு. எவ்வளவு விலகல்வரை பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, சராசரி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்பதை நிறுவ வேண்டும். இதைச் சமானச் சோதனை என்பர். அந்த எல்லை இருபுறமும் 1 மி.மீ. என்றால், 90 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (தரவோடு ஒத்துப்போகும் சராசரிகளின் வீச்சு) முழுவதும் 249-க்கும் 251-க்கும் இடையே அடங்க வேண்டும். நம் தரவில் அந்த இடைவெளி 250.09 முதல் 251.11 வரை செல்வதால் அடங்கவில்லை. ஆக 25 கம்பிகளைக் கொண்டு, 5 விழுக்காட்டு இரு முனைச் சோதனையால் எந்திரம் பிசகியது என்றும் சொல்ல முடியவில்லை, போதிய அளவு சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. இது குறையுள்ள முடிவு அன்று. தரவின் உண்மையான நிலை இதுவே.

அப்படியானால் எத்தனை கம்பிகளை அளந்தால் போதும்?

எந்த அளவு விலகலைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் எந்திரத்தையும் கம்பியின் பயனையும் அறிந்தவர். புள்ளியியல் அந்த எண்ணைத் தராது. 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையில் 80 விழுக்காடு திறன் வேண்டுமென்றால், திட்ட விலக்கத்தை அந்த விலகலால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 7.84-ஆல் பெருக்க வேண்டும். இந்த 7.84 என்பது 5 விழுக்காட்டு மிகைகாண் நிலைக்குரிய 1.96-ஐயும் 80 விழுக்காடு திறனுக்குரிய 0.84-ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தியதால் வருவது.

0.6 மி.மீ. விலகலுக்கு 1.5 ÷ 0.6 = 2.5, அதன் வர்க்கம் 6.25, 7.84-ஆல் பெருக்கினால் 49. டி பரவலுக்காக ஒன்றிரண்டு கூட்டி 51 என்று கொள்ளலாம். 0.3 மி.மீ. விலகலையே பிடிக்க வேண்டுமென்றால் தேவை 196-க்கு உயர்ந்துவிடும்.

ஒரு முனைச் சோதனையில் எல்லை 1.711 மட்டுமே. அதில் நம் 2.0 தாண்டுகிறது. அதையே பயன்படுத்தினால் என்ன?

கம்பிகள் நீளமாக இருப்பது மட்டுமே சிக்கல், குட்டையாக இருந்தால் எந்த நடவடிக்கையும் இல்லை என்று அளப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தால் அது முறையானது. 250.6 என்று கண்ட பிறகு ‘நீளம் கூடியிருக்கிறதா’ என்று கேள்வியை மாற்றினால், 249.4 என்று வந்திருந்தால் ‘குறைந்திருக்கிறதா’ என்று மாற்றியிருப்போம் என்பதே உண்மை. இரண்டு பக்கமும் 5 விழுக்காடு வீதம் திறந்துவிட்ட அந்தச் சோதனையின் முதல் வகைப் பிழை 10 விழுக்காடு. அறிக்கையிலோ 5 என்று எழுதியிருப்போம். எந்தப் பக்கம் என்ற தீர்மானத்துக்குத் தரவுக்கு முந்தைய எழுத்துச் சான்று இல்லையென்றால் இரு முனைச் சோதனையையே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

0.057 எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. இன்னும் ஐந்து கம்பிகளை அளந்து பார்த்தால் தவறா?

அளப்பது தவறில்லை, ‘எல்லையைத் தாண்டும்வரை அளப்பேன், தாண்டியதும் நிறுத்துவேன்’ என்ற விதியில் அளப்பதுதான் தவறு. ஒவ்வொரு முறை பார்ப்பதும் தவறாக மறுப்பதற்கான புதிய வாய்ப்பு. சம இடைவெளியில் 5 முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் 5 விழுக்காட்டு எல்லையையே பயன்படுத்தினால், முதல் வகைப் பிழை 14 விழுக்காடாகிறது; 10 முறை பார்த்தால் 19 விழுக்காடு.

இடையில் பார்க்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால், எத்தனை முறை பார்ப்போம் என்று திட்டமிட்டு, ஒவ்வொரு முறைக்கும் கடுமையான எல்லையை வைக்கும் தொடர்முறைச் சோதனைகள் உள்ளன. இப்போதைய நிலையில் எளிய வழி, ‘எத்தனை கம்பிகள்’ என்ற கேள்வியில் கண்டபடி கூறின் அளவைக் கணக்கிட்டுப் புதிய கூறை எடுப்பது.

தரவு இயல்நிலைப் பரவலில் இல்லை. டி சோதனை செய்யலாமா?

தேவைப்படுவது கூறின் சராசரியின் பரவல் இயல்நிலைக்கு அருகில் இருப்பது. மைய எல்லைத் தேற்றம் அதைப் பெரிய கூறுகளில் பெரும்பாலும் உறுதி செய்துவிடுகிறது. எவ்வளவு பெரியது என்பது சாய்வைப் பொறுத்தது. சமச்சீரான பரவலுக்கு 10 அல்லது 15 கூடப் போதும். ஒரு பக்கம் நீண்ட வாலுள்ள தரவுக்கு 100-ம் போதாமல் போகலாம். வலப்புறம் சாய்ந்த தரவில் டி மதிப்பின் பரவல் இடப்புறம் நீள்கிறது; அதனால் ஒரு முனைச் சோதனைகள் இரு முனைச் சோதனைகளைவிட மிகுதியாகப் பாதிக்கப்படும்.

மடக்கை எடுத்துச் சோதிப்பதும், அளவுகளுக்குப் பதில் அவற்றின் வரிசை எண்களைக் கொண்டு செய்யும் தரவரிசை வழிச் சோதனைக்கு மாறுவதும் வழக்கமாகச் சொல்லப்படும் மாற்றுகள். ஆனால் மடக்கையின் சராசரியைச் சோதிக்கும்போது சோதிக்கப்படுவது பெருக்கல் சராசரி. சாய்ந்த தரவில் தரவரிசைச் சோதனை சோதிப்பதும் கூட்டுச் சராசரியை அன்று. கேள்வி சராசரியைப் பற்றியது என்றால் இவை வேறொரு கேள்விக்கு விடை தருகின்றன என்பதை மறக்கக் கூடாது.

கம்பிகளை எந்திரத்திலிருந்து வந்த வரிசையிலேயே 25 எடுத்தேன். அது பெரிய தவறா?

இயல்நிலைப் பரவல் இல்லாததைவிடப் பெரிய சிக்கல் இது. ஆனால் இதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அடுத்தடுத்து வெட்டப்பட்ட கம்பிகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்கும் போக்குடையவை. அடுத்தடுத்த அளவீடுகளின் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் சேர்ந்தே மாறும் போக்கின் அளவு) 0.5 ஆக இருந்து, இடைவெளி ஒன்று கூடும்தோறும் அது பாதியாகிக்கொண்டே போனால், சராசரியின் பரவற்படி (திட்டப் பிழையின் வர்க்கம்) ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். 25 அளவீடுகள் எட்டு அல்லது ஒன்பது அளவீடுகளின் மதிப்பையே பெறும். சூத்திரம் தரும் 0.3 என்ற திட்டப் பிழை அப்போது பொய்யாகச் சிறியது. கூறின் அளவைக் கூட்டுவதால் மட்டும் இந்தப் பிழை மறையாது; எடுக்கும் முறையைத்தான் திருத்த வேண்டும்.

சோதனைக்குப் பதில் நம்பிக்கை இடைவெளியைத் தந்தால் போதாதா?

போதும், பெரும்பாலும் அதுவே மேல். 250.6-லிருந்து இருபுறமும் 2.064 × 0.3 = 0.62 சென்றால் 249.98 முதல் 251.22 வரையிலான 95 விழுக்காடு இடைவெளி கிடைக்கிறது. அதற்குள் 250 இருப்பதும் இரு முனைச் சோதனையில் மறுக்க முடியாமையும் ஒன்றே. அதற்கு மேல், சராசரி 251 ஆக இருக்கவும் இத்தரவு இடம் தருகிறது என்பதையும் இடைவெளி காட்டிவிடுகிறது. ‘மறுக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல் அதை மறைத்துவிடும்.

பி மதிப்பு மிகச் சிறியதாக வந்தால் வேறுபாடு மிகப் பெரியது என்று சொல்லலாம் அல்லவா?

சொல்ல முடியாது. 10,000 கம்பிகளை அளந்து சராசரி 250.05 என்று கண்டால், திட்டப் பிழை 0.015, டி மதிப்பு 3.33, பி மதிப்பு 0.001-க்கும் கீழே. இருந்தும் விலகல் 0.05 மி.மீ. மட்டுமே, கம்பியின் பயனுக்கு அது பொருட்டாக இல்லாமலிருக்கலாம். பி மதிப்பில் விலகலின் அளவும் கூறின் அளவும் கலந்திருக்கின்றன. விலகல் எவ்வளவு என்பதை அதற்குரிய அலகிலேயே தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

20 எந்திரங்களைச் சோதித்ததில் ஒன்று மட்டும் எல்லையைத் தாண்டியது. அதைப் பழுது என்று அறிவிக்கலாமா?

எல்லா எந்திரங்களும் சரியாக இருந்தாலே, 20 சார்பற்ற சோதனைகளில் குறைந்தது ஒன்றாவது 5 விழுக்காட்டு எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 64 விழுக்காடு. மிகைகாண் நிலையை 20-ஆல் வகுத்து 0.25 விழுக்காடு என்று வைப்பது எளிய திருத்தம். அந்த ஓர் எந்திரத்தின் கம்பிகளைப் புதிதாக எடுத்து மறுபடி சோதிப்பது இன்னும் தெளிவான வழி.

ஒரே கம்பியைச் சூடாக்கும் முன்னும் பின்னும் அளந்திருக்கிறேன். இதற்கு எந்தச் சோதனை?

ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு அளவுகளின் வேறுபாட்டை எடுங்கள். அந்த வேறுபாடுகளின் சராசரி பூச்சியமா என்பதே கேள்வி; மேலே செய்த டி சோதனையே போதும். இரண்டு நிரல்களையும் தனித்தனிக் கூறுகளாகக் கருதக் கூடாது.

ஒரு தொகுப்பில் கருதுகோள் மறுக்கப்பட்டது, மறு தொகுப்பில் மறுக்கப்படவில்லை. இரண்டும் முரண்படுகின்றனவே?

முரண்பாடு இருக்கிறதா என்பதை இரண்டு தீர்ப்புகளை ஒப்பிட்டு அறிய முடியாது. இரண்டு மதிப்பீடுகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரே எந்திரத்தின் கம்பிகளை இரு குழுவினர் தனித்தனியே அளந்ததில் முதல் குழு 0.6 மி.மீ. விலகலும் இரண்டாம் குழு 0.4 மி.மீ. விலகலும் கண்டதாகவும், இரண்டிலும் திட்டப் பிழை 0.25 என்றும் கொள்வோம். கூறுகள் பெரியவை என்பதால் எல்லை ஏறத்தாழ 2. முதல் குழுவுக்கு 2.4 கிடைக்கிறது, மறுக்கப்படுகிறது. இரண்டாம் குழுவுக்கு 1.6, மறுக்கப்படவில்லை. ஆனால் இரண்டு விலகல்களுக்கும் இடையிலான வேறுபாடு 0.2 மட்டுமே, அதன் திட்டப் பிழை 0.35, விகிதம் 0.57. இவ்வளவு வேறுபாடு தற்செயலாக அடிக்கடி தோன்றக்கூடியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிலை மேலும் தெளிவாகும். சராசரி விலகல் 0.5, அதன் திட்டப் பிழை 0.18; விகிதம் 2.8. மறுக்கத் தவறிய இரண்டாம் குழுவின் தரவு சேர்ந்த பிறகு, விலகல் இருக்கிறது என்பதற்கான சான்று முதல் குழு தனியாகக் கண்டதைவிட வலுத்திருக்கிறது.